ஒன்பதில் மறைந்த குச்சி

போன வெள்ளிக்கிழமை உன் மகள் வந்து, துவாயில் சுற்றிய ஒரு பொருளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். உன்னுடைய பழைய ஸ்கோப், குறிபார்க்கும் தொலைநோக்கி. விலங்குகளுக்கு மயக்க ஊசி போடும் துப்பாக்கியின் மேல் பூட்டியிருந்தது. நீ மிருக வைத்தியனாக இருந்த வனசீவராசிகள் திணைக்களம் அதைக் கழித்துவிட்ட பிறகு உன் அலுமாரியில் கிடந்தது. காட்சியைப் பெரிதாக்கும் வளையத்தை மூன்றில் நிறுத்தி, அது திரும்பாதபடி ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறாய்.

"ஒன்பது வரைக்கும் போகுமே அங்கிள். வாப்பா ஏன் ஒட்டி வச்சாங்க?" என்று கேட்டாள். நீ வீட்டில் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் சொன்னேன். உன்னிடம் கேட்காமல் சொன்னதற்காகத்தான் இந்த மடல்.

புசல்லாவைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டம். பன்றிக்கு யாரோ வைத்த சுருக்குக் கம்பியில் ஒரு சிறுத்தை இடுப்போடு மாட்டியிருந்தது. பத்திரிகைக்கு எழுத உன் ஜீப்பில் நானும் வந்தேன். கொழுந்து பறிக்க வந்த பெண்கள் மேட்டுப் பாதையில் நின்றார்கள். நீ இருபத்தைந்து மீட்டர் தள்ளித் தேயிலைச் செடிகளுக்கிடையே முழந்தாளிட்டாய். "தொடைச் சதையிலதான் போடணும் மச்சான், வேற எங்க பட்டாலும் ஆபத்து" என்று சொல்லி வளையத்தை ஒன்பதுக்குத் திருப்பினாய்.

சுட்டாய். ஊசி பக்கவாட்டில் விலகிப் போனது. சிறுத்தை துள்ள, கம்பி இன்னும் இறுகியது. இரண்டாவது ஊசி பட்டது. மயங்கியதும் கம்பியை வெட்டி, சிறுத்தையைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தாய். மூன்றாம் நாள் அது செத்தது.

நான் அன்று மாலையே எழுதியிருந்தேன்: 'கூட்டத்தின் கூச்சலால் குறி தவறியது.' மறுநாள் பத்திரிகையில் வந்தது. சிறுத்தை செத்த அன்று, வேலைக்கு இடையூறு செய்ததாக ஆறு பெண்களை வாக்குமூலத்துக்குக் கூட்டி வரும்படி பொலிசார் கங்காணியிடம் சொன்னார்கள். அதைக் கேள்விப்பட்டு நீ பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தாய்.

"சத்தம் எப்ப கேட்டுச்சு?"

"நீ சுடும்போது."

"சுட்ட பொறகு. அது துள்ளினதப் பாத்துத்தான் அந்தப் புள்ளைகள் கத்தினது. நீ ரெண்டையும் மாத்திப் போட்டுட்டே."

"உனக்காகத்தான் எழுதினேன்."

"எனக்கு வக்கீல் வேணும்னு செல்லினேனா?"

பிறகு பையிலிருந்து ஸ்கோப்பை எடுத்தாய். தனி ஸ்கோப்தான், துப்பாக்கி இல்லை. என்னை மண்டபத்தின் கடைசிச் சுவரோடு நிறுத்தி, யன்னல் வழியாக என் வீட்டுத் தோட்டத்துப் பலாமரத்தைப் பார்க்கச் சொன்னாய்.

"ஒன்பதுல வச்சிருக்கேன். என்னா தெரியுது, செல்லு."

பலாக்காயின் முள் ஒவ்வொன்றும் தெரிந்தது.

"யன்னல் கம்பி?"

கம்பி இல்லை. எங்கோ கொஞ்சம் புகை படிந்ததுபோல இருந்தது, அவ்வளவுதான். நீ வளையத்தை மூன்றுக்குத் திருப்பினாய். பலாக்காய் சிறுத்தது, அதன் குறுக்கே நாலு கம்பிகள் வந்து நின்றன. மங்கல்தான். ஆனால் கம்பி என்று தெரிந்தது.

பெருக்கம் கூடக்கூட, முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துகொண்டே வரும் என்று நீ விளக்கினாய். தூரத்துப் பொருளுக்குக் கூர்மை வைத்தால், கிட்டே இருக்கும் மெல்லிய பொருள் கரைந்தே போகும். மூன்றில் வைத்துப் பார்க்காமல் நேரே ஒன்பதுக்குப் போனதுதான் உன் பிழை என்றாய். உனக்கு நாலடி முன்னால் பென்சில் தடிப்பில் ஒரு தேயிலைக் குச்சி நின்றது; ஊசி அதில் பட்டுத்தான் விலகியது. பிறகு போய்த் தேடி, முறிந்த அந்தக் குச்சியைக் கண்டுபிடித்திருந்தாய். நான் எடுத்த படங்களைப் புரட்டினேன். என் கமராவின் நீண்ட லென்சிலும் அது விழவில்லை.

"முதல் ஊசியே பட்டிருந்தா பிழைச்சிருக்குமா?" என்று கேட்டேன்.

"தெரியாது மச்சான். தெரியாதுன்னே எழுது. என் பிழைன்னும் எழுது."

எழுதினேன். பொலிசார் அதன்பிறகு அந்தப் பெண்களை அழைக்கவில்லை. உன்னைத்தான் விசாரித்தார்கள். சில மாதம் துப்பாக்கியைத் தொடவிடாமல், காகிதங்களோடு உட்கார வைத்தார்கள். அதைப்பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திருத்தம் வந்த பத்திரிகையோடு தோட்டத்துக்குப் போனேன். அந்தப் பெண்களில், சிறுத்தையை முதலில் கண்ட செல்வமணி அதை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"நாங்க வாயப் பொத்திக்கிட்டுத்தாங்க நின்னோம். எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பத்தடி தள்ளித்தானே நின்னீங்க."

நீ மண்ணுக்குள் போய் நாற்பது நாள் ஆகிறது. இந்த வாரம் கலஹாப் பாதையில் ஒரு பஸ் பாதையோர வடிகானுக்குள் இறங்கியது. யாருக்கும் பெரிய காயமில்லை. சாரதியின் வேகம்தான் காரணம் என்று நாலு பேர் சொன்னார்கள். நானும் அப்படியே எழுதினேன். அனுப்புவதற்கு முன் சாரதிக்குப் போன் எடுத்து அந்தப் பந்தியை வாசித்தேன்.

"வளைவுல மண்ணு சரிஞ்சு கெடந்திச்சுங்க. பிரேக் புடிச்ச பெறகுதான் சறுக்குச்சு. அத யாரும் பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை. அவர் சொல்வது சரியோ, தெரியாது. பந்தியை எடுத்துவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கலஹாவுக்குப் போகிறேன்.