முன்வரிசைத் தாளம்

ஜூலை 3

இன்றும் என் பெயர் இல்லை.

நேற்று கேட்ட தோடி ராகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, குழுவை நடத்துகிற ராமகிருஷ்ணன் சாருக்கு அனுப்பியிருந்தேன். காலையில் எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. வழக்கம்போல ‘இன்று கேட்டது’ என்று தலைப்பு, வழக்கம்போல அடியில் ‘ராமகிருஷ்ணன்’. ஒரே ஒரு இடத்தில் கை வைத்திருக்கிறார். ‘கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்டேன்’ என்று ஆரம்பித்திருந்தேன். அது ‘காரில் போகும்போது கேட்டேன்’ என்று ஆகிவிட்டது. பஸ் அவருக்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது. தோடி மட்டும் வேண்டுமாம்.

கீழே முப்பது பேர் கைகூப்பியிருக்கிறார்கள். ‘சார், உங்க காதுக்கு ஈடே இல்ல’ என்று ஒருவர். என் காதய்யா அது.

ஜூலை 5

கேட்டேவிட்டேன், போனில். ஒரு வருஷமாகக் கேட்க நினைத்தது.

“குழுவுக்குன்னு ஒரே குரல் இருக்கணும்மா. சங்கீதத்துக்கு முன்னாடி பேரு என்ன பேரு? நாமெல்லாம் தூசு.”

தூசில் ஒரு தூசு மட்டும் தினமும் கையெழுத்துப் போடுகிறதே என்று கேட்டிருக்க வேண்டும். ‘சரிங்க சார்’ என்று வைத்துவிட்டேன். அவர் பேங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர், சபாவில் எல்லாருக்கும் வேண்டியவர். நான் லேபில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். அதனால் வந்த ‘சரிங்க சார்’. நினைக்க நினைக்க என் மேல்தான் எரிச்சல் ஜாஸ்தியாகிறது.

நானே நேராகக் குழுவில் போட்டால்? போன வருஷம் ஒருமுறை போட்டேன். ‘குறிப்புகள் என் மூலமாகத்தான் வரவேண்டும்’ என்று சொல்லி ஐந்தே நிமிஷத்தில் அழித்துவிட்டார். அனுப்பாமலே இருந்தால்? காசி அதைத்தான் சொல்கிறார். “அனுப்பாத, முடிஞ்சுது. எதுக்கு வயிறெரியற?” என் வீட்டுக்காரருக்கு எல்லாமே சுலபம். எழுதினால் நான்கு பேர் படிக்கவேண்டும். எனக்கு வேறு எந்த நான்கு பேர் இருக்கிறார்கள்?

ஜூலை 14

இன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். லேபில் உட்கார்ந்து எழுதியதில் கடைசி வரியாக ‘ரத்தம் எடுக்க ஆள் வந்துவிட்டது, மீதி நாளைக்கு’ என்று இருந்தது. அதையும் அப்படியே போட்டுவிட்டார். குழுவில் ஒரே பதற்றம். சார், உடம்புக்கு என்ன, எந்த ஆஸ்பத்திரி என்று. ‘சுகர் பார்க்க வந்தாங்க, ஒண்ணுமில்ல’ என்று பதில் எழுதியிருக்கிறார்.

ஆக, ஐயா முதல் நான்கு வரிதான் படிக்கிறார்.

ஜூலை 21

சபா ஆண்டு விழாவில் அவருக்கு ‘ரசிக ரத்னம்’ பட்டமாம். ‘நாள் தவறாமல் எழுதிவரும் நுட்பமான குறிப்புகளுக்காக’ என்று செயலாளர் அறிவித்திருக்கிறார்.

எவன் எழுதினது? யாருக்குய்யா பொன்னாடை? பஸ்ஸுல ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு, ஒரு சங்கதிய நாலு வாட்டி திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதினவ இங்க இருக்கறேன். இந்தாளு பட்டம் வாங்கிட்டுப் போவாராம், நான் கீழ உக்காந்து கை தட்டணுமாம்.

தட்டுகிறேன். பார்க்கலாம்.

ஜூலை 27

சபாவில் சின்னக் கச்சேரி. செருப்பை விட்டு உள்ளே போனால் முன்வரிசையில் இடம் கிடைத்தது. சார் எனக்குப் பக்கத்தில். நன்றாக மடியில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் கொண்டை அவிழ்ந்து நான் கையை எடுத்தேன். அவர் கையும் நின்றது. மறுபடி போட்டேன், அவரும் போட்டார். முதலில் தற்செயல் என்று விட்டுவிட்டேன். சந்தேகம் போகாமல் இன்னொரு தரம் மூக்கைச் சொறிகிற மாதிரி நிறுத்திப் பார்த்தேன். நின்றது.

மனிதருக்குத் தாளமே தெரியாது. இத்தனை நாளாக என் கையைப் பார்த்துப் போடுகிறார். எழுத்தும் என்னுடையது, தாளமும் என்னுடையது. அப்புறம் அந்த ஆளிடம் என்னதான் இருக்கிறது, பட்டத்தைத் தவிர?

ஆகஸ்ட் 2

முடிவு செய்துவிட்டேன். விழா அன்று பட்டம் கொடுத்த கையோடு கச்சேரி. அவரை முன்வரிசை நடுவில் உட்கார வைப்பார்கள். நான் பக்கத்தில் உட்காருவேன். தாளத்தைத் தப்பாகப் போடுவேன். பொன்னாடையோடு, சபை முழுக்கப் பார்க்க, அவரும் போடுவார். மிருதங்கக்காரர் ஒரு பார்வை பார்த்தால் போதும். ரத்னத்தின் யோக்கியதை ஊருக்குத் தெரிந்துவிடும்.

நான் ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. இதைவிடச் சுத்தமான வேலை உண்டா?

ஆகஸ்ட் 10

சமைக்கும்போது வலக்கையில் சரியாகவும் இடக்கையில் தப்பாகவும் போட்டுப் பழகுகிறேன். காசி ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 17

எப்படி எழுதுவது.

பட்டம் கொடுத்தார்கள். நான் எழுதிய வரிகளையே மேடையில் வாசித்துப் புகழ்ந்தார்கள். நான் கை தட்டினேன். பிறகு கச்சேரி. பாடினது கவிநிலா, அடி அண்ணாமலை ஊர்ப் பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். சபாவில் இதுதான் அவளுக்கு முதல் முழுக் கச்சேரி. குரல் தெளிவு. ஆனால் பயம் தெரிந்தது.

மூன்றாவது பாட்டு மிஸ்ர சாபு. ஏழு எண்ணிக்கை. முதலில் மூன்று, பிறகு நான்கு என்று தட்டு விழவேண்டும். நான் நான்கை முன்னால் போட்டு மூன்றைப் பின்னால் தள்ளினேன். சார் ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று கையை இன்னும் உயர்த்தி, தொடையில் சத்தம் வர அப்படியே போட்டார். எனக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. மிருதங்கக்காரர் இதோ பார்க்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

பார்த்தது அவரில்லை. கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த கவிநிலா கண்ணைத் திறந்தாள். நேர் எதிரே ரசிக ரத்னத்தின் கை. தன் கையைப் பார்த்துக்கொண்டாள். மறுபடி அவர் கையை. தான் தப்பு என்று நினைத்துவிட்டாள். மாற்றினாள். மிருதங்கக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். அவள் எங்கேயோ தப்பான இடத்தில் பாட்டை எடுத்து, நின்றுவிட்டாள். மைக்கில் ‘சாரி’ என்றாள்.

நான் கையை நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

மீதிக் கச்சேரியை அவள் எப்படியோ பாடி முடித்தாள்.

ஆகஸ்ட் 18

குழுவில் இதே பேச்சு. ‘குரல் இருக்கு, தாளம் நிக்கல.’ ‘இன்னும் ரெண்டு வருஷம் கத்துக்கிட்டு வரட்டும்.’ மார்கழிக்கு அவளுக்குச் சொல்லியிருந்த கச்சேரியை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்று செயலாளர். ‘என் மனசிலும் அதேதான்’ என்று ராமகிருஷ்ணன்.

ஆகஸ்ட் 20

கவிநிலாவே குழுவில் எழுதியிருக்கிறாள். ‘பெரியவங்க எல்லாரும் மன்னிக்கணும். தாளத்துல கவனம் இல்லாம விட்டுட்டேன். திருத்திக்கிறேன்.’

அதற்கு அவர் ஆசீர்வாதம் செய்து ஒரு கை படம் போட்டிருக்கிறார். எந்தக் கை?

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண்ணுக்காகவா, அந்த ஆள் தப்பித்துவிட்டார் என்பதற்காகவா? உண்மையைச் சொன்னால் இரண்டுக்கும்தான்.

ஆகஸ்ட் 22

அன்றைய கச்சேரியின் ஒலிப்பதிவைப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் கேட்டேன். நீளமான குறிப்பு எழுதினேன். முதலில் அவருக்குப் பிடித்த மாதிரி சபாவைப் பற்றி, மேடை அலங்காரம் பற்றி. பிறகு அவள் பாடிய பைரவி பற்றி, நிஜமாகவே நன்றாகப் பாடியிருக்கிறாள். கடைசிப் பத்தியில் இது:

‘மூன்றாவது பாட்டில் கவிநிலா தவறவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து நான்தான் தாளத்தை வேண்டுமென்றே மாற்றிப் போட்டேன். அந்தத் தப்புத் தாளத்தைப் பார்த்துத்தான் அவர் தடுமாறினார். மன்னிப்புக் கேட்கவேண்டியது அவரல்ல.’

ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சார் முழுசாகப் படித்தால் என்னைக் குழுவில் கிழித்துத் தொங்கவிடுவார், நான் ஒழிந்தேன். படிக்காமல் தன் பெயரில் போட்டால் அவர் ஒழிந்தார். எப்படியானாலும் பெண்ணின் மேல் பழி நிற்காது.

இது மன்னிப்பா, கண்ணியா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவர் படிக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் அனுப்பினேன். அதை மறைக்க முடியாது.

ஆகஸ்ட் 23

போட்டுவிட்டார். ஒரு எழுத்து மாற்றாமல். அடியில் ‘ரசிக ரத்னம் ராமகிருஷ்ணன்’.

வழக்கம்போல முதலில் நான்கைந்து பேர் கைகூப்பினார்கள். பிறகு ஒருவர், ‘சார், கடைசிப் பத்தி நீங்க எழுதினதா?’ அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் இங்கே எழுத இடம் போதாது. அன்று அவர் கை தப்பாகப் போனதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். பட்டக்காரர் தப்புப் போடுவாரா என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

மத்தியானம் போன் வந்தது. இதுவரை ‘நீங்க’, ‘அம்மா’. இன்று அதெல்லாம் பறந்துவிட்டது.

“என்ன எழுதி வச்சிருக்க நீ? ஊரே போன் பண்ணிக் காறித் துப்புது.”

“நீங்க போட்டதுதானே சார்.”

“நீ எழுதினதுதானே.”

“அப்படின்னு குழுவுல போடுங்க சார்.”

வைத்துவிட்டார். ஆறு மாதமாக இப்படி ஒரு பசி எடுத்ததில்லை. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 24

போட்டார்.

‘நேற்றைய குறிப்பை எழுதியவர் அருணாதேவி. படிக்காமல் போட்டது என் தவறு. கடந்த ஓராண்டாக வந்த எல்லாக் குறிப்புகளும் அவர் எழுதியவையே. கச்சேரி அன்று தாளத்தை மாற்றிப் போட்டதும் அவரே. நான் அவர் கையைப் பார்த்துப் போட்டேன்.’

ஒரு வருஷமாக இந்த மூன்றாவது வரிக்காகத்தான் ஏங்கினேன். நான்காவது வரியோடு சேர்ந்து வந்திருக்கிறது. ஆள் தான் முழுகும்போது என் காலையும் பிடித்து இழுத்துவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

‘இவ்வளவு நல்லா கேக்கத் தெரிஞ்சவங்க, ஒரு சின்னப் பொண்ணோட கச்சேரியிலயா?’ என்று ஒரு அம்மாள் எழுதியிருந்தார். அதோடு போனை அணைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30

அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். நானும். மார்கழிக் கச்சேரி கவிநிலாவுக்கே என்று முடிவாகிவிட்டதாம், லேபுக்கு வந்த ஒருவர் சொன்னார். என்னை அடையாளம் தெரியாமல் சொன்னார். ரத்தம் எடுத்து அனுப்பினேன்.

செப்டம்பர் 6

கவிநிலாவின் நம்பரைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நீளமாக எழுதி, அழித்து, கடைசியில் இரண்டே வரி. பார்த்துவிட்டாள்.

செப்டம்பர் 23

பதில் வந்தது. ‘அக்கா, சனிக்கிழமை நவராத்திரிக்கு எங்க ஊர்ல பாடறேன். வாங்க. முன்னாடி மட்டும் உக்காராதீங்க.’

செப்டம்பர் 27

போனேன். காசி வண்டியில் கொண்டுவந்து விட்டார். பந்தலில் முன்னால் நாற்காலி நிறையக் காலி. கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அதே மிஸ்ர சாபுப் பாட்டை எடுத்தாள். இரண்டு கையையும் புடவைத் தலைப்புக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டேன். நன்றாகப் பாடினாள். எங்கேயும் பிசகவில்லை. பாட்டு முடிகிறவரை மிருதங்கத்தின் பக்கமே திரும்பி உட்கார்ந்து பாடினாள். ஒருமுறைகூடக் கூட்டத்தைப் பார்க்கவில்லை.