தீபாவளி கழித்துக் கட்டிய கார்டு

786

சிவகாசி
8.9.2009

அன்பு மகன் ஜாபர் சாதிக்குக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அத்தாவும் சனாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே புனேயில் நீ ஸஹருக்கு நேரத்தோடு எழுந்து வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு நோன்பு பிடிக்கிறாய் என்று தெரிந்தால் எங்கள் சுகம் முழுசாகும். போனில் பேசினால் பாதியிலேயே சார்ஜ் இல்லை என்கிறாய், அதனால்தான் நாலாம் வகுப்போடு நிறுத்தியவள் பேனாவை எடுத்திருக்கிறேன், பொறுமையாகப் படி. சனா ஏழாம் மாதத்தோடு பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், உனக்குத்தான் நோன்பு இல்லையே என்றால் கஞ்சி மட்டும் முதல் ஆளாக இரண்டு கிண்ணம் குடிக்கிறாள். இங்கே சீசன் உச்சத்தில் இருக்கிறது, கரண்டு எப்போது வரும் எப்போது போகும் என்று ஒரு கணக்கும் இல்லை, உன் அத்தா அட்டைப்பெட்டி லோடு ஏற்றிவிட்டு லாரி தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்கிறார், மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி.

நீ என்னிடம் மறைத்ததைத் தங்கச்சி சனாவிடம் சொல்லியிருக்கிறாய், அவள் வாயில் எது தங்கியிருக்கிறது, மறுநாளே கொட்டிவிட்டாள். அந்தப் பழைய ஆப்செட் மெஷினை வாங்கித் தனியாக அச்சாபீஸ் போட பாங்கில் லோன் கேட்டாயாம், உன் பேரில் இருக்கிற நம்பர் குறைச்சல் என்று இல்லையென்று சொல்லிவிட்டார்களாம், மெஷின்காரர் பெருநாள் வரைக்கும்தான் பொறுப்பாராம், அதற்குள் மூன்று கிரெடிட் கார்டிலும் ரொக்கம் எடுத்து, மீதிக்கு ஒரு பைனான்ஸ்காரனிடம் நூற்றுக்கு மாசம் நாலு வட்டியில் வாங்கப் போகிறாயாம். இதைக் கேட்டதிலிருந்து துஆ கேட்கும்போதெல்லாம் எனக்கு உன் மெஷின்தான் நினைப்பு. ஆனாலும் என் குணம் உனக்குத் தெரியும், கவலை ஒரு பக்கம் இருந்தாலும் அது என்ன நம்பர், அதை யார் போடுகிறார்கள், என் பிள்ளைக்கு மார்க்குக் குறைத்த வாத்தியார் எவர் என்று பார்க்காமல் மனசு ஆறவில்லை. நேற்றுக் காலையில் உன் அத்தாவைக் கிளப்பிக்கொண்டு நம் கணக்கு இருக்கிற பாங்குக்கே போய்விட்டேன்.

அங்கே அழகுமீனா என்று ஒரு ஆபீசர் பிள்ளை, உன் வயசுதான் இருக்கும், முகம் சுளிக்காமல் நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. பம்பாயில் ஒரு ஆபீஸ் இருக்கிறதாம், எந்தப் பாங்கில் யார் கடன் வாங்கினாலும், கார்டு வாங்கினாலும், எந்த மாசம் கட்டினான் எந்த மாசம் விட்டான் என்று அங்கே போய்ச் சேர்ந்துவிடுமாம், அதைக் கூட்டிக் கழித்து முன்னூறிலிருந்து தொள்ளாயிரத்துக்குள் ஒரு நம்பர் போடுகிறார்களாம். அப்படியானால் ஜென்மத்தில் பாங்குக் கடனே வாங்காத மனுசனுக்குத் தொள்ளாயிரமா என்று ஆசையாகக் கேட்டேன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே, "அவுக பேரே அதுல இருக்காதும்மா, அவுக கட்டுவாகளா மாட்டாகளான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றது. உன் அத்தாவுக்கு முகம் சுண்டிப்போனது. "கடன் வாங்காதவனுக்கு நூத்துக்கு நூறுல்ல போடணும்? இருவத்தஞ்சு வருசமா யாவாரம் பண்றேன், என்னையத் தெரியாதாமா?" என்று கேட்டார். பக்கத்தில் டிராக்டர் கடனுக்குத் தவணை கட்ட வந்திருந்த மல்லாங்கிணற்று விவசாயி ஊர்க்காவலன் விடுவாரா, "என்ன பாய், இம்புட்டு வயசாகியும் நீங்க இன்னும் பொறக்கவே இல்லையாம்ல" என்று ஒரு போடு போட்டார், பாங்கே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அதற்காக வீடு வருகிற வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை, எனக்கும் கொஞ்சம் ஓய்வாகத்தான் இருந்தது.

அப்புறம் உன் கதையைச் சொன்னேன். போன வருசம் ஆடி மாசத்திலிருந்து கார்டுக்குக் கட்டாமல் விட்டு, தீபாவளி போனஸ் வந்ததும் வட்டியோடு மொத்தமாக ஒரே நாளில் கட்டிவிட்டதாக, ஒரு பைசா பாக்கியில்லை என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாய் அல்லவா, நானும் என் பிள்ளை நாணயஸ்தன் என்று தெருவெல்லாம் சொன்னேன். அழகுமீனா சொல்கிறது, மொத்தமாகக் கட்டியதும் அந்தப் பம்பாய்க் கணக்கில் இருக்குமாம், ஆனால் கட்டாமல் விட்ட மாசம் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறியிருக்குமாம். யோசித்துப் பார்த்தால் நீ சிவகாசிக்காரன் மாதிரிதானே நடந்திருக்கிறாய். நாம் சித்திரையில் பெட்டி போட்டுக் கொடுத்தால் பட்டாசுக் கம்பெனிக்காரர் தீபாவளி கழித்துத்தான் தருகிறார், நாமும் அட்டைக் கடைக்குத் தீபாவளி கழித்துத்தான் கொடுக்கிறோம், இதில் யாருக்கும் யார்மேலும் சந்தேகம் வந்ததில்லை. தீபாவளி கழித்து என்று சொன்னால் இங்கே அது வாக்கு, பம்பாயில் அது பாக்கி. இதை நான் சொன்னதும் அந்தப் பிள்ளைக்கே கொஞ்சம் வருத்தமாகிவிட்டது, ஆனால் நம்பர் போடுகிற கம்ப்யூட்டருக்கு வருத்தம் கிடையாதே.

இன்னும் கேட்டுக்கொள். லோன் இல்லை என்றதும் கோபத்தில் வேறு நாலு பாங்கில் எழுதிப் போட்டாயாமே, அப்படி ஒவ்வொரு கதவாகத் தட்டினதும் அதில் ஏறுமாம், பணத்துக்கு அலைகிறான் போலிருக்கிறது என்று நம்பர் இன்னும் இறங்குமாம், அதனால் இனி எங்கேயும் எழுதிக் கொடுக்காதே. கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், அதற்கு மேல் தனியாக ஒரு கட்டணமும் உண்டாம், கடையில் சாமான் வாங்கினால் கிடைக்கிற வட்டியில்லாத தவணை நாள் ரொக்கத்துக்குக் கிடையாதாம், இது உனக்குத் தெரியுமா தெரியாதா. குறைந்தபட்சம் இவ்வளவு கட்டு என்று பில்லில் கீழே போட்டிருப்பது நமக்குச் செய்கிற சகாயம் என்று நான் நினைத்திருந்தேன், அதை மட்டும் கட்டிக்கொண்டே போனால் மீதிக்கு வட்டி வளர்ந்துகொண்டே இருக்குமாம், அதனால் முழுசாகக் கட்ட முடிகிற அளவுக்குத்தான் தேய்க்க வேண்டும். மூன்று கார்டு ஒருத்தனுக்கு எதற்கு, பெட்ரோல் பங்க்கில் நீலப் பை இலவசமாகக் கொடுத்தான் என்று ஒன்று வாங்கினாயே, பையைக் கொடுத்து வருசா வருசம் சந்தா வாங்கிக்கொள்கிறான், அந்தப் பையின் ஜிப் ஆறாம் மாசமே போய் இப்போது நான் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். முதலில் வாங்கிய கார்டுக்குச் சந்தா இல்லை என்றாயே, அதை மட்டும் வைத்துக்கொள், பழைய கணக்காக இருப்பதும் நல்லதுதானாம். மற்ற இரண்டையும் பாக்கி தீர்த்து, எழுதிக் கொடுத்து, முடிந்தது என்று கடிதம் வாங்கிவிடு, கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டால் கார்டுதான் சாகும், கணக்கு சாகாதாம். வைத்திருக்கிற கார்டிலும் ஐம்பதாயிரம் வரைக்கும் இடம் இருக்கிறது என்று ஐம்பதையும் தொடாதே, பதினைந்தோடு நின்றுகொள்.

கெட்ட நம்பர் கெட்டதாகவே நின்றுவிடுமா என்றும் கேட்டேன், அதைக் கேட்கத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம். நிற்காதாம். ஒரு தேதி தவறாமல் ஒன்றிரண்டு வருசம் கட்டி வந்தால் மெல்ல ஏறிவிடுமாம். ஏறி நீ திரும்ப லோன் கேட்கும்போது உனக்குத் துணையாகக் கையெழுத்துப் போட உன் அத்தாவுக்கும் ஒரு நம்பர் வேண்டும் அல்லவா, அதனால் இன்று காலையில் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய், டெபாசிட்டின் பேரில் சின்னதாக ஒரு கடன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், அட்டைப்பெட்டிக்குக் கம்பிப் பின் அடிக்கிற மெஷின் வாங்கவாம், மாசாமாசம் தவணை. கடன் என்ற வார்த்தையை வீட்டுக்குள் பேச விடாத மனுசன், ரசீதை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு அட்டை வெட்டப் போய்விட்டார்.

ஆகையால் ராசா, அந்த ஆப்செட் மெஷின் போனால் போகட்டும். நாலு வட்டிக்கு வாங்கினால் அச்சடிக்கிற காகிதமெல்லாம் அவனுக்குத்தான், மை மட்டும்தான் உன் கையில் மிஞ்சும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே வந்து பெட்டி மடிக்கிறேன் என்று சனாவிடம் சொன்னாயாம், பெருநாளைக்கு வா, பிரியாணி தின்ன வா, மனசு விட்டுப்போய் வராதே. உனக்கு அச்சாபீஸ் உண்டு, ரெண்டு வருசம் கழித்து உண்டு. கார்டுப் பணத்தைச் சம்பளம் வந்த மறுநாளே முழுசாகக் கட்டு, தலைக்கு எண்ணெய் வை, தனியாக இருக்கிறோம் என்று தொழுகையை விட்டுவிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும், கடன்காரன் முகத்தில் விழிக்காத காலையைத் தரட்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நேராக அந்த மெஷின்காரரிடம் போய் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. வாக்குக் கொடுத்துவிட்டு எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தால், ஊரில் அம்மா ஒருத்தி இருக்கிறாள், அவள் விடமாட்டேன் என்கிறாள் என்று என்மேல் பழியைப் போடு, அவர் என்னைத் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும், புனேயிலிருந்து திட்டுவது இங்கே எனக்குக் கேட்கவா போகிறது.

துஆவுடன்
உன் அம்மா
குல்சார் பேகம்