கோட்டை விட்டு இறங்காதவள்

கண்டாவளை
18.4.1962

அன்பும் மதிப்பும் நிறைந்த சிற்றம்பலம் மாமாவுக்கு,

அடுத்த வீட்டு விமலேஸ்வரி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மாத்தறைச் சுருட்டுக்கடையில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது.

வழக்கமாக மாமி சொல்லச் சொல்ல எழுதுவேன். இது நானாக எழுதுவது. உங்கள் மகள் கமலாசனியை ஊர்ப்பிள்ளைகள் பழிப்பதைத் தாங்க முடியவில்லை என்றும், வைகாசியில் வந்து அவளைச் சாவகச்சேரியில் உங்கள் அக்கா வீட்டோடு விடப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துக் காட்டியதும் நான்தான். மாமி அன்று அடுப்பே மூட்டவில்லை.

சங்கக்கடைக் கொட்டிலில் எங்கள் பள்ளிச் சேவைக் குழு சனிக்கிழமைகளில் நடத்தும் வகுப்புக்குக் கமலாசனி வருவது உங்களுக்குத் தெரியும். கண் தெரியாத நாகேஸ்வரியும் கால் சூம்பிய பரமலிங்கமும் வருகிறார்கள். காது கேளாதவர்களுக்கு வாயசைவு தெரியப் பேசவேண்டும் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். அப்படியே பேசினேன். உங்கள் மகள் என் வாயைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மணலில் எழுதிப் பழக்கினோம். இப்போது தன் பெயரை எழுதுகிறாள்.

வகுப்பு முடிந்ததும் மணலில் கோடுகள் கீறிக் கிளித்தட்டு ஆடுவோம். கோட்டை விட்டு இறங்காமல், தாண்டுகிறவரை அடிப்பதில் அவளை வெல்ல ஆளில்லை. அதனால் வருடப்பிறப்புப் போட்டியில் எங்கள் அணியில் சேர்த்தோம். மாமி சம்மதித்தார். ஆனால், "நான் பாக்க வரமாட்டன், பிள்ளை. என்னாலை ஏலாது" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த குடியேற்றக் கிராமத்து அணிக்கு இராசமலர் தலைவி. "என்னடி, ஆள் கிடைக்காமல் ஊமைச்சியைக் கொண்டந்து நிப்பாட்டியிருக்கிறியள்?" என்று எல்லோரும் கேட்கச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. கமலாசனியோ கடைசிக் கோட்டில் போய் நின்றாள். அதை ஒருத்தி அடிபடாமல் தாண்டினாலே அவர்களுக்கு வெற்றி; அடிபட்டால் எங்களுக்கு.

ஆட்டம் இறுகிய நேரம், "விசில் அடிச்சாச்சு, நில்லுங்கோ!" என்று இராசமலர் கத்தினாள். நாங்கள் எல்லோரும் நம்பிக் கோட்டை விட்டு இறங்கிவிட்டோம், மாமா! அவள் மெல்ல நழுவிக் கடைசிக் கோட்டைத் தாண்டக் காலெடுத்தாள். அந்தக் காலையே பார்த்து நின்ற கமலாசனி முதுகில் விட்டாள் ஒரு அடி!

இராசமலர் சண்டைக்கு வந்தாள். நடுவர் ஐயாத்துரை வாத்தியார், "நான் விசிலை வாயிலையே வைக்கேல்லை, பிள்ளை. அடி அடிதான்!" என்று தீர்ப்புச் சொன்னார். அப்போது வேலிக்குப் பின்னாலிருந்து, "அது என்ரை பிள்ளை!" என்று ஒரு குரல். மாமிதான்!

போகும்போது இராசமலர், "அடுத்த வருசம் உவளை எங்களுக்குத் தாங்கோவன்" என்று கேட்டாள். "அவளையே கேட்டுப் பார்" என்றேன். இனி யாரும் பழிப்பதில்லை என்று பொய் எழுதமாட்டேன். இரண்டொருவர் பழிக்கிறார்கள். இப்போது அவர்களோடு சண்டைக்குப் போக எங்களோடு மாமியும் இருக்கிறார்.

உங்களை அவள் எப்படிச் சொல்லுவாள் தெரியுமா? விரல்களால் சுருட்டு உருட்டுவதுபோல் காட்டி, மூக்கருகே கொண்டுபோய் மணந்து கண்ணை மூடுவாள். அது நாங்கள் சொல்லிக்கொடுத்ததல்ல.

வைகாசியில் உங்களைக் கூட்டிவரப் பரந்தன் ஸ்டேசனுக்கு அவளும் வருவாள். நீங்கள் திரும்ப ரயில் ஏறும்போது, கையசைக்க அவளும் எங்களோடு நிற்கவேண்டும், மாமா.

உங்கள் நல்ல மனதை நம்பும்,
நடராசா மகள் விமலேஸ்வரி