சைனாடவுனில் பெண் பார்த்தது

மார்ச் 4, திங்கள். கறம்பக்குடி

நாளை மறுநாள் திருச்சியிலிருந்து விமானம். தம்பி விக்ரம் சிங்கப்பூரில் ஒரு சீனப் பெண்ணைக் கட்டப்போவதாகச் சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நான் போய் அவனைக் கையோடு கூட்டிவர வேண்டுமாம். காய்கறி மண்டியைக் கணவரிடம் ஒப்படைத்தாயிற்று. பேசி முடிப்பதில் என்னை மிஞ்ச இந்தச் சந்தையில் ஆள் கிடையாது. இவன் எம்மாத்திரம்?

மார்ச் 7, வியாழன். சிங்கப்பூர்

அசைய மாட்டேன் என்கிறான். முதலில் நான் அந்தப் பெண் லின்னைப் பார்க்க வேண்டுமாம், பிறகு பேச வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அவனே கூட்டிப்போகிறானாம். சொல்லிவைத்துப் போனால் எவனும் நல்ல சரக்கை மேலே அடுக்கித்தான் வைப்பான்.

மார்ச் 8, வெள்ளி

அவன் வேலைக்குப் போனதும் தனியாகக் கிளம்பிவிட்டேன். சைனாடவுன் ஸ்டேஷனில் படியேறி வெளியே வந்தால் திருவிழாக் கூட்டம். தலைக்கு மேல் வரிசையாகச் சிவப்புக் காகித விளக்குகள், கண்ணாடிக்குள் பளபளவென்று தொங்கும் வறுத்த வாத்துகள். அந்த நெரிசலுக்கு நடுவிலும் நம்ம மாரியம்மன் கோயில். கும்பிட்டுவிட்டு மார்க்கெட்டுக்குள் இறங்கினேன். மீனும் தவளையும் உயிரோடு கிடந்தன. கீரைக்காரி ஒருத்தியிடம் கைஜாடையிலேயே பேரம் பேசினேன். சிரித்துக்கொண்டு ஒரு கட்டு கூடுதலாகப் போட்டாள்.

லின்னின் அப்பாவுக்குக் காய்ந்த காளானும் இலந்தைப்பழமும் விற்கும் கடை. விக்ரமின் போனில் பார்த்த படத்தை நினைவில் வைத்துக் கண்டுபிடித்தேன். எதிரே நின்று நோட்டம் விட்டேன். ஒரு கிழவி வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தாள். லின் எதிர்த்துப் பேசவில்லை. கிழவியை ஸ்டூலில் உட்காரவைத்து, பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி மாற்றிக் கொடுத்தாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா? சாப்பிட்டாச்சா?"

என்னைப் போட்டோவில் பார்த்திருக்கிறாள். தலையாட்டிக்கொண்டே கடைக்குள் போனேன்.

அவள் அப்பா சிரிக்கவே இல்லை. அவர் கேட்டதை லின் தயங்கித் தயங்கி, பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னாள் — உங்கள் அம்மா என் மகளை அழவைப்பாரா?

பொய் சொல்ல மனம் வரவில்லை.

"மொதல்ல அழ வைப்பாங்க. அப்பறம் வேற யாரையும் அழ வைக்க விடமாட்டாங்க."

லின் அதை அவரிடம் சொன்னாள். பெரியவர் எனக்கும் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

மார்ச் 9, சனி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அவனக் கூட்டிட்டு வாடின்னு அனுப்புனா, நீயும் அங்கிட்டே சேந்துக்கிட்டியா?" போனை வைத்துவிட்டாள். நான் என்ன செய்ய? புடிக்கலன்னு பொய் சொல்லவா? மாட்டேன். எனக்குப் புடிச்சிருக்கு. அவ்வளவுதான்.

மார்ச் 15, வெள்ளி. கறம்பக்குடி

தனியாகத்தான் வந்து இறங்கினேன். அம்மா முகம் கொடுக்கவில்லை. இருக்கட்டும். நானும் அவள் மகள்தான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

சித்தி மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் புதுக்கோட்டை போனோம். எல்லாம் எடுத்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. மாம்பழக் கலர் பட்டு ஒன்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

"ஏண்டி, அந்தப் புள்ள நல்ல ஒசரமோ?"

"ஆமாம்மா."

முந்தானையை விரித்துப் பிடித்தாள். "அப்ப, இது காணுமான்னு பாரு."