கறுப்புக் காரின் கண்ணாடி இடுக்கு

6 ஜூன் 1965, ஞாயிறு

தொரை, உம்ம கார் ஒழுகுகிறது.

நேற்றுப் பெய்தது சும்மா ஒரு தூறல். அதற்கே பின்சீட்டில் இரண்டு சொம்புத் தண்ணீர். கூரை நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணாடியை முழுக்க ஏற்றினாலும் அதற்கும் ஓர ரப்பருக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகிறது. நீர் போய் நாலு மாதம். அதிலிருந்து யாரும் வண்டியைத் தொடவில்லை.

23ஆம் தேதி செம்பூர் லூசியம்மாள் மகளுக்குக் கல்யாணம். "பொண்ணு கோவிலுக்குப் போறது என் வண்டியிலதான்" என்று வாக்குக் கொடுத்தது நீர். கொடுத்துவிட்டுக் கல்லறையில் போய்ப் படுத்துக்கொண்டீர். நல்லா இருக்கு.

ஓட்டப் போவது உம்ம தம்பி சேசுராஜ். "மதினி, பொண்ணு நனைஞ்சா அப்புறம் எவன் கூப்பிடுவான்? பழைய இரும்பு வாங்குற பங்கார்க்காரனுக்கு எடைக்குப் போட வேண்டியதுதான்" என்கிறான். போட விட மாட்டேன் என்றேன். "அப்ப ஒழுகாம ஆக்குங்க."

9 ஜூன்

ரப்பர் தேடிக் குர்லா வரை அலைந்தேன். முப்பத்தெட்டாம் வருசத்து வண்டி என்றதும் கடைக்காரன் இந்தியில் சிரிக்கிறான்: மியூசியத்தில் போய்க் கேளம்மா என்று.

11 ஜூன்

சேசுராஜ் அவன் வேலை பார்க்கும் தோல் கம்பெனியிலிருந்து தோலை வார் வாராக வெட்டிக் கொண்டுவந்தான். "தாராவியில இருந்துக்கிட்டு ரப்பரு தேடுதியளே மதினி! நம்மகிட்ட இல்லாத தோலா?" இடுக்கு முழுக்க அடைத்தான். நாலு வாளி ஊற்றிப் பார்த்தோம். சொட்டு இல்லை. சந்தோசத்தில் கறிக்குழம்பு வைத்துப் போட்டேன்.

13 ஜூன், ஞாயிறு

இரண்டு நாள் மழை. தோல் ஊறி உப்பிவிட்டது. கண்ணாடி ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று பாதியில் நிற்கிறது. உள்ளே நாற்றம் வேறு. பிறந்ததிலிருந்து தோலோடு கிடக்கிறோம். தோலை ஊறப்போட்டுத்தானே பிழைக்கிறோம்! அது தண்ணி குடிக்கும்னு ஒருத்தருக்கும் தோணலியே. போட்ட குழம்பைத் திருப்பிக் கேட்கவா முடியும்?

14 ஜூன்

அழுதேன். காருக்காகத்தான்.

16 ஜூன், புதன்

மாட்டுங்கா அனந்தகிருஷ்ணன் வீட்டுக்குப் போனோம். ஆபீஸ் குமாஸ்தா, ஆனால் இதே மாதிரி வண்டி வைத்துத் தானே பார்த்துக்கொள்கிறவர். நீர் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டு நிற்பீரே, அவர்தான்.

"என்னம்மா இது, ஜன்னலுக்குச் செருப்பு தச்சிருக்கேள்?"

எனக்குச் சுருக்கென்றது. "செருப்பாத் தச்சிருந்தா இதைவிட நல்லாத் தச்சிருப்போம், சாமி."

மனுசனுக்கு முகம் சிறுத்துவிட்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி ருக்கு, "நன்னா வேணும் ஒங்களுக்கு" என்றாள். காப்பி வந்தது.

தோலைப் பூராவும் பிய்க்கச் சொன்னார். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் காகிதத் துண்டு வைத்து, கண்ணாடியை ஏற்றி, காகிதத்தை இழுக்கச் சொன்னார். கையோடு வந்துவிட்டது. "இப்படி வந்தா அங்கே இடுக்கு. பிடிச்சுண்டா சரி. ரப்பர் மேல தப்பில்லை, கண்ணாடி உள்பக்கமா சாஞ்சிருக்கு. கதவுக்குள்ள ரெண்டு ஸ்குரூ இருக்கும். தளர்த்திட்டு வெளியே தள்ளுங்கோ."

இவ்வளவுதானா? பத்து நாளாக நான் பட்ட பாடு!

20 ஜூன், ஞாயிறு

இவ்வளவுதான் இல்லை. மேலே பிடித்தால் பக்கத்தில் விடுகிறது, பக்கத்தில் பிடித்தால் மேலே. போன வருசக் காலண்டர் முழுக்கக் கிழித்தாயிற்று. கட்டைவிரல் நகம் போயிற்று. எதற்கும் மசியாத மூலைகளில் சைக்கிள் டியூப் வெட்டி ரப்பருக்கு அடியில் ஒட்டினேன்.

பக்கத்து வீட்டுப் பேராச்சி அக்கா பார்த்துவிட்டு, "தாலியறுத்தவ கையில ஸ்பேனரா?" என்றாள்.

"ஸ்பேனரு இல்லக்கா, ஸ்குரூ டிரைவரு."

மூன்று ஜன்னல் முடிந்தது. டிரைவர் பக்கத்துக்கு இனி நேரமில்லை.

23 ஜூன், புதன்

வெயில்! கோவிலுக்குப் போகும்போது சுள்ளென்று வெயில். கல்யாணப் பொண்ணு ஜெயசீலி கண்ணாடியை அடி வரைக்கும் இறக்கிவிட்டு ரோடெல்லாம் கையாட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு —

நான் ஏறத் தயங்கித்தான் நின்றேன். இந்தக் கோலத்தில் நான் எப்படி? லூசியம்மாள்தான் பிடித்து ஏற்றினாள். "வழியில ஜன்னல் கண்ணாடி சிக்கிக்கிட்டா யாரு சரி பண்ணுவா? ஏறு."

திரும்பி வருகையில் சயான் தாண்டியதும் கொட்டியது. பொண்ணு மாப்பிள்ளை மேல் ஒரு துளி இல்லை. என் மேலும் இல்லை. சேசுராஜுக்கு மட்டும் வலது பக்கம் முழங்கையிலிருந்து தொடை வரை தொப்பல். "மதினி, நான் மட்டும் என்ன பாவம் செஞ்சேன்?" என்றான். பொண்ணு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் தெரிந்தது, நாலு மாதத்துக்கு அப்புறம் என்று.

27 ஜூன், ஞாயிறு

காட்கோபரிலிருந்து ஒருவர் வந்தார். அடுத்த மாதக் கல்யாணத்துக்கு வண்டி வேண்டுமாம். நான் வாய் திறக்குமுன் சேசுராஜ், "வரும் அண்ணாச்சி" என்றுவிட்டான். அவர் போனதும், "மொதல்ல எம்பக்கத்தைப் பாருங்க" என்றான்.

உம்ம சீட்டில் உட்கார்ந்து காகிதம் வைத்து இழுத்தேன். மேலே பிடித்துக்கொள்கிறது. கீழே, கண்ணாடி இறங்குகிற ஓரத்து ரப்பர்தான் தேய்ந்திருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும், நீர் முழங்கை வைக்கிற அகலத்துக்குக் குழிந்து, மழுமழுவென்று.

வேறு ரப்பர் வெட்டி மடியில் வைத்திருக்கிறேன். வெளியே சேசுராஜ் அவசரப்படுத்துகிறான்.

இதைக் கழற்றட்டுமா, தொரை?