சடையாண்டிக்கு மறு ஆபரேஷன் மறுக்கப்பட்டது பற்றி

அனுப்புபவர்:
ஒச்சாயி, க/பெ சடையாண்டி,
கன்னிவாடி, திண்டுக்கல் தாலுகா.

பெறுபவர்:
ஜில்லா மருத்துவ அதிகாரி அவர்கள்,
மதுரை.

பொருள்: முதுகெலும்பில் தகடு வைத்த என் கணவருக்கு மறு ஆபரேஷன் செய்ய உத்தரவிடக் கோருவது.

கனம் டாக்டர் ஐயா அவர்களுக்கு, எழுதப் படிக்கத் தெரியாத ஒச்சாயி சொல்லி எழுதுவித்த மனு.

1. சென்ற ஐப்பசியில் என் வீட்டுக்காரர் தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தது. இத்துடன் இணைத்துள்ள சீட்டில் கண்ட ஆஸ்பத்திரியில் எஃகுத் தகடு வைத்து, திருகாணி போட்டு எலும்பைச் சேர்த்தார்கள். அந்தக் கைகளை நான் குறை சொல்லவில்லை. ஆறு மாதம் மாவுக்கட்டில் கிடந்து, சித்திரையில் தன் காலால் நடந்து வீடு வந்தார்.

2. மாவுக்கட்டை வெட்டி எடுத்த அன்று கம்பவுண்டர் இங்கிலீஷில் அச்சடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்தார். என்னென்ன சாப்பிடக் கூடாது என்று கேட்டேன். "எல்லாம் சாப்பிடலாம், தைரியமாப் போங்க" என்றார். வேறு எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியும் கத்தரிக்காய், கருவாடு எதையும் அவர் கண்ணில் காட்டாமல் பத்தியம் காத்தேன். சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன்.

3. அவர் எழுந்து நடந்தால் மாரியம்மன் கோவிலை உருண்டு சுற்றி வருவார் என்று ஆபரேஷன் அன்றே நேர்ந்திருந்தேன். வைகாசித் திருவிழாவில் ஈர வேட்டியுடன் உருண்டார். இரண்டாவது மூலை திரும்புகையில் முதுகில் என்னமோ விட்டுப்போனது என்றார். நேர்த்திக்கடனைப் பாதியில் நிறுத்தலாகாது என்று நான்தான் சொன்னேன். சுற்றை முடித்தார். பிறகு எழவில்லை.

4. அதன் பின்பே சீட்டைப் போஸ்ட்மாஸ்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒரு வருஷத்துக்குக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, முதுகை முறுக்கிப் புரளக் கூடாது என்று இருக்கிறதாம்.

5. அதே ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனோம். படம் பிடித்துப் பார்த்து, திருகாணிகள் பிடுங்கிக்கொண்டன, மறுபடி அறுத்துச் சரிசெய்தால் நடக்க வழியுண்டு என்றார்கள். ஆனால் எழுதிக் கொடுத்ததை மீறியவருக்குக் கட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அழுகாத புள்ள, சாமிக்குத்தான செஞ்சோம்" என்று படுத்த படுக்கையாக அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

6. ஐயா, நேர்ந்தவள் நான், உருண்டவர் அவர். என் அறியாமைக்காக அவர் கால்களைத் தண்டிக்க வேண்டாம். அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட வேண்டும். இனித் தகடு வைத்து வீடு திரும்புகிறவர்களுக்கு, எப்படிப் படுப்பது, எப்படி எழுவது என்று யாராவது வாய் திறந்து தமிழில் சொல்லி அனுப்பவும் வேண்டும். மறுபடி ஒரு சாமிக்கு நேர்ந்துகொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகையால் தங்களிடமே கேட்கிறேன்.

இடம்: திண்டுக்கல்
தேதி: 2-7-1963

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ஒச்சாயி
(இடது பெருவிரல் ரேகை)

எழுதியவர்: முகமது பாரூக், மனு எழுதுபவர். படித்துக் காட்டி, சரியென்று சொல்லக் கேட்டது.