பார்த்ததை மட்டும்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. உனக்கும் இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் தாளை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, யோசித்து எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உனக்கு எரிச்சல் வந்திருக்கும். போனில் பேசினால் வார்த்தைக்கு முன்னால் என் குரல் பதில் சொல்லிவிடும். சின்ன வயதிலிருந்தே நீ என் வார்த்தையைக் கேட்டதில்லை, குரலைத்தான் கேட்பாய். எழுத்தில் அது கொஞ்சம் அடங்கி இருக்கும். அதற்காகத்தான்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக எதுவும் இல்லை. அப்பாவுக்கு அச்சகத்தில் இன்னும் இரவு வேலைதான். பகல் வேலைக்கு மாற்றித் தருகிறேன் என்று மேனேஜர் சொன்னாராம், இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். பகல்ல தூங்கிப் பழகின ஒடம்பு, இனிமே ராத்திரியில தூங்கச் சொன்னா அது எங்க போகும் என்றார். அவர் வரும் நேரத்தில் நான் கோர்ட்டுக்குக் கிளம்புகிறேன். மாடிப்படியில் பார்த்துக்கொள்கிறோம். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன் என்பேன். சரி, கொடை எடுத்துக்கிட்டியா என்பார். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. முன்பு இது தெரியவில்லை. நீ நடுவில் இருந்தாய். அப்பாவிடம் சொல்லிவிடு, அம்மாவிடம் கேட்டுச் சொல் என்று எல்லாம் உன் வழியாகப் போய் உன் வழியாக வந்தது. இப்போது எங்களுக்கு நேராகப் பேச வரவில்லை. சண்டை இல்லை. பழக்கம் இல்லை. கோர்ட்டில் நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்கிறேன், பிறகு உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். அத்தனை பேருடைய பேச்சும் என் கை வழியாகப் போகிறது. சில நாள் என் வாயிலிருந்து சொந்தமாக வருவது பஸ்ஸில் இறங்கணும் என்ற ஒன்றுதான். போன வாரம் அடுப்படியில் குக்கர் கத்தியது, இரு வரேன் என்று அதற்குப் பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன். சிரிப்பு வந்தது. தனியாகச் சிரித்தால் வீடு பெரிதாகிவிடுகிறது.

நீ சொன்னதையெல்லாம் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இரண்டு படிப்பையும் சேர்த்துப் படிக்கிற உன்னைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் டெஸ்ட் டியூப் என்று கூப்பிடுகிறார்கள், கெமிஸ்ட்ரி பிள்ளைகள் வக்கீலம்மா வந்தாச்சு, எல்லாரும் வாயை மூடுங்க என்கிறார்கள். லேப் கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு சட்ட வகுப்புக்குள் போனால் பக்கத்தில் இருக்கிற பெண் மருந்து வாடை என்று நாற்காலியை நகர்த்திக்கொள்கிறாள். லேபும் மாதிரி நீதிமன்றமும் ஒரே மதியத்தில் வருகிறது. சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுவதற்குக் காத்துக்கொண்டிருக்கும்போதே நீ கிளம்ப வேண்டியிருக்கிறது, யாரோ ஒருவர் உனக்காகப் பார்த்து எழுதி வைக்கிறார். உன்னோடு சேர்ந்த கெமிஸ்ட்ரி பிள்ளைகள் இந்த வருஷத்தோடு முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். சட்டத்தில் இருப்பவர்கள் முன்பே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் இருக்கிற படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றாய். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாய். படிக்கட்டு நிழலாக இருக்குமா என்று ஏதோ கேட்டேன் நான். கேட்க வேண்டியது அது இல்லை என்று தெரியும். பிறகு நீ கேட்டாய், கெமிஸ்ட்ரியை விட்டுடட்டுமாம்மா, சட்டத்தை மட்டும் முடிச்சா அடுத்த வருஷமே வீட்டுக்கு வந்துடுவேன் என்று.

அந்த இரண்டாவது பாதியை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம். அடுத்த வருஷம் என்றதும் என் காதுக்குள் அது மட்டும்தான் நின்றது. அப்பாவிடம் மாடிப்படியில் சொன்னேன். மறுநாள் தூங்காமல் கடைக்குப் போய் ஒரு டப்பா பெயின்ட் வாங்கிவந்து உன் அறையில் ஒரு சுவரை அடித்தே முடித்துவிட்டார். பச்சை. ஆஸ்பத்திரிப் பச்சை. நான் மாலையில் வந்து பார்த்துவிட்டு, இது என்ன வார்டு நம்பர் என்று கேட்டேன். அவளுக்குப் பச்சைன்னா உசிரு என்றார். அது அவ பால் பல்லு விழுந்த காலத்துல என்றேன். மனுஷி வரப்போறா, ரூம் அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும் என்றார். வருவதாக யார் சொன்னது என்று கேட்க வாய் வரவில்லை. ரொம்ப நாளுக்குப் பிறகு நாங்கள் நின்று பேசியது அதுதான். அவர் விரலில் மைக் கறைக்கு மேல் பச்சை இருந்தது.

ஆகவே கேள், எனக்கு நீ வர வேண்டும். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மறைத்து வைத்துக்கொண்டு யோசனை சொன்னால் அது யோசனை இல்லை. எங்கள் ஜட்ஜ் போன மாதம் ஒரு வழக்கைத் திருப்பி அனுப்பினார். வழக்குப் போட்டவர் ஜட்ஜின் மனைவிக்குச் சொந்தக்காரராம். நியாயமாகத்தான் தீர்ப்புச் சொல்லுவேன், ஆனாலும் இத நான் கேக்கக் கூடாது என்றார். அதையும் டைப் அடித்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் தோன்றுகிறது, இந்த வழக்கை நானும் கேட்கக் கூடாது. விடு என்று சொன்னால் அது நீ என் வாசலுக்கு வர வேண்டும் என்பதற்காகச் சொன்னது. விடாதே என்று சொன்னாலும் சுத்தமில்லை, பெரிய தியாகம் பண்ணிவிட்டதாக நான் அதை வருஷக்கணக்கில் சுமந்துகொண்டு திரிவேன், உனக்கும் அது தெரிந்துகொண்டே இருக்கும். நான் சாட்சியாக வேண்டுமானால் வருகிறேன். கூண்டில் ஏறுகிற எல்லாரும் நினைத்ததைத்தான் சொல்ல ஆரம்பிப்பார்கள். எனக்கு அப்பவே தெரியும், அவன் மூஞ்சியே சரியில்ல என்பார்கள். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அம்மா, நீங்க நெனச்சத வீட்டுல போய்ச் சொல்லுங்க, இங்க பாத்தத மட்டும் சொல்லுங்க என்பார்.

பார்த்தது இரண்டு. சாட்சி தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிச் சொல்லக் கூடாது, அதனால் இரண்டையும் சொல்கிறேன். போன விடுமுறையில் நீ கிளம்புவதற்கு முந்தின நாள் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டாய். பக்கெட் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நீ வெளியே வந்தபோது தலை நனையவில்லை. கண் சிவந்திருந்தது. நான் துண்டை மடித்தேன், நீ பெட்டியைக் கட்டினாய். இது ஒன்று.

இன்னொன்று அதற்கு முந்தின வாரம். மாடி வீட்டு மாமா குழாய்த் தண்ணீர் பழுப்பாக வருகிறது, கீழே புதிதாக வந்த சலவைக் கடைதான் காரணம் என்று ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீ அதை வாங்கி ஜன்னல் ஓரம் வைத்தாய். மேல்தொட்டியிலிருந்து இன்னொரு டம்ளர் பிடித்துவந்து பக்கத்தில் வைத்தாய். இரண்டும் தெளியட்டும் என்றாய். தெளிகிற வரை மனு எழுத உட்கார்ந்தாய். தண்ணீர் கெட்டுவிட்டது என்று எழுதி அடித்தாய். மாமா ஏம்மா அடிக்கிற, கெட்டுத்தானே போயிருக்கு என்றார். என்ன கலந்திருக்குன்னு தெரியாம கெட்டுதுன்னு எழுதினா, முதல் கேள்வியிலயே மனு விழுந்துடும் மாமா என்றாய். எழுந்து போய் குழாய் டம்ளரின் அடியில் மட்டும் துரு படிந்திருப்பதைப் பார்த்தாய், ஒரு வரி எழுதினாய். மறுபடி எழுந்தாய், வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றிக் காய வைத்தாய், யார் பார்த்துக்கொள்ள வேண்டிய பைப் என்று புத்தகத்தைப் புரட்டினாய், இன்னொரு வரி எழுதினாய். மாமா என்னிடம், தண்ணிக்கே வக்கீல் வெச்ச ஒரே பில்டிங் நம்மளுதுதான் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். பைப்பை இன்னும் மாற்றவில்லை, இரண்டு பேர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள், அது வேறு விஷயம். அன்றைக்கு ஜன்னலுக்கும் மேஜைக்கும் நீ நடந்துகொண்டே இருந்தாய். எந்தப் பாடத்துக்கு எழுந்தாய், எந்தப் பாடத்துக்கு உட்கார்ந்தாய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் சாப்பிடக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. வாசல்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நான் தனியாகச் சாப்பிட்டேன்.

பார்த்தது இவ்வளவுதான். அப்போது நினைத்ததை எழுதவில்லை.

நீ எதை வைத்துக்கொண்டாலும் எதை விட்டாலும் மனதும் உடம்பும் தெம்பாக, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி, அவர் தூங்குகிறார். போர்டு மங்கலாகத் தெரிகிறது என்றாயே, கண் டாக்டரிடம் போ. தள்ளிப் போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா